அயர்லாந்து வடலி

பிரீனா அயர்லாந்திலிருந்து அந்தப் பனையை முதன்முதலாக வீடியோவில் காட்டியபோது ராஜபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் வாடகை வீட்டுப் பின்புறத்தில், சொதசொதவென்று கிடந்த புல்லுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில் ஒரு விசிறி ஓலைச் செடி நின்றது.

"ஏட்டி, இது பனை வடலியில்லா? இங்க ரோட்டோரம் தானா முளைச்சு நிக்குது. இதைப் போயா கடையில வாங்கினிய?"

"இது வேற இனம்மா. குளிரு தாங்கும்."

"குளிரு தாங்கும். மழை தாங்குமா?"

பிரீனாவுக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஊரில் மழைக்கு வேறு வேலை கிடையாது என்று ராஜபாய் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தாள்.

புதுக்கடைக்குப் பக்கத்தில் ராஜபாய்க்குத் தென்னை விளை இருக்கிறது. கணவர் போன பிறகு அதை அவளே பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்கிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளைக் கேட்காமல் அங்கே ஒரு மட்டை கீழே விழாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள். அவள் நர்ஸ் படித்து, பரீட்சைமேல் பரீட்சை எழுதி, கடல் தாண்டிப் போய்விட்டாள். மருமகன் எட்சன் பின்னாலேயே போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலையில் சேர்ந்தான்.

இரண்டாவது குளிர்காலம் தொடங்கும் முன் ஒருநாள் பிரீனா சொன்னாள். "அம்மா, இங்க வீடு வாங்குகதா, ஊருக்கு வருகதான்னு எங்களுக்குள்ள ஒரே தர்க்கம். கடைசியில ஒரு முடிவுக்கு வந்துட்டோம். இந்தப் பனை இந்தக் குளிரையும் தாண்டி நின்னுட்டுன்னா வீடு. பட்டுப்போச்சுன்னா ஊரு."

வயது வந்த இரண்டு பேர், கைநிறையச் சம்பாதிக்கிற இரண்டு பேர், வாழ்க்கையை ஒரு வடலியின் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள். ராஜபாய்க்கு இதில் ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் விளங்கியது. ஊருக்கு வர வேண்டும் என்று சொல்வது தன் மகள். வரவிடாமல் பிடித்து வைத்திருப்பது எட்சன். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவளுக்கு மகள் வர வேண்டும். ராத்திரிச் சோற்றை ஒற்றைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ஆகவே அந்தப் பனை பட்டுப்போக வேண்டும்.

சிக்கல் சபையில் வந்தது. ஞாயிறு ஆராதனையில் விசேஷ ஜெபக் குறிப்புகளை வாசிக்கிறவள் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் பிரிஜா. பிரீனா அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். மஞ்சள் காமாலைக்கும் வழக்கு ஜெயிப்பதற்கும் இடையில் பிரிஜா குரல் மாறாமல் வாசித்தாள்: "அயர்லாந்து தேசத்தில் இருக்கிற நம் சபை மகள் பிரீனாவின் பனைமரம், குளிருக்கும் ஈரத்துக்கும் தப்பி நிலைத்திருக்கும்படியாக."

எட்சன் சொல்லித்தான் மகள் இதை அனுப்பியிருக்கிறாள் என்று ராஜபாய்க்குப் பட்டது. சபை முழுவதும் ஆமென் சொன்னது. ராஜபாயும் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே தன் விண்ணப்பத்தைத் தனியாக வைத்தாள். ஆண்டவரே, அது பட்டுப்போகட்டும். கொஞ்சம் கடுமையாகப் பட்டதால், உமக்குச் சித்தமானால், என்று சேர்த்துக்கொண்டாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே மரத்துக்கு இரண்டு விண்ணப்பம். அது அவர் பாடு.

எட்சன் வாரம் தவறாமல் பனையை வீடியோவில் காட்டினான். "மாமி, இது பட்டுருமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான். அவன் கவலையைப் பார்க்க ராஜபாய்க்குத் திருப்தியாக இருந்தது.

மண்டைக்காடு மாசிக் கொடை முடிந்து, இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் மூச்சிரைக்கக் கூப்பிட்டான். பனையின் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தான். குருத்து கையோடு வந்தது. அடிப்பாகம் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது.

ராஜபாய்க்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. குருத்தழுகல். போன ஐப்பசி மழையில் அவள் விளையில் மூன்று தெங்குகளுக்கு இதேதான் வந்தது. தேங்காய் வெட்ட வரும் முருகதாஸை மரமேற்றி, அழுகலைச் சுத்தமாகச் சுரண்டி, துரிசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைப் பூசி, மேலே மழை விழாமல் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றும் பிழைத்துக்கொண்டன.

"போச்சு மக்கா," என்றாள் ராஜபாய். "குருத்து போனா மரம் போச்சு. தோண்டிக் களைஞ்சிரு."

"நல்லா பாத்துச் சொல்லுங்க மாமி. போச்சா?" எட்சனுக்குக் குரல் நடுங்கியது.

"நான் பாக்காத தெங்கா?"

பாவம், அழுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மனதுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே ஆள் வைத்து மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். கோட்டாறு போய்ப் புது மெத்தை வாங்கி வந்தாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத பெண்ணிடமும் மகள் வருகிறாள் என்று சொன்னாள். பிரிஜாவிடம் பனையை ஜெபக் குறிப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

"அப்பம் எதைப் போடணும் அக்கா?"

"பிரயாணப் பாதுகாப்புன்னு போடு."

பத்து நாள் கழித்து எட்சன் மறுபடி கூப்பிட்டான். அவன் வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான்.

"மாமி, இவ அதத் தோண்ட விடமாட்டேங்கா. இதப் பாருங்க."

போனை ஜன்னல் பக்கம் திருப்பினான். வெளியே மழை. இராத்திரி டியூட்டி முடிந்து வந்த உடையோடு, பிரீனா பனைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகு நனைந்துகொண்டிருந்தது. பனையின் சுற்று ஓலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. குருத்துப் போன குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பச்சை மாறாத மரத்தை பத்து நாளாக மருந்தில்லாமல் இப்படித் திறந்து போட்டு வைத்ததைப் பார்க்க ராஜபாய்க்குப் பொறுக்கவில்லை. மகள் நனைவதைப் பார்க்க அதைவிடப் பொறுக்கவில்லை.

"மக்கா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யாக்கும்," என்றாள். "அது பிழைக்கும். மருந்து உண்டு."

எட்சன் போனைச் சட்டென்று தன் முகத்துக்குத் திருப்பினான்.

"மாமி, மெதுவா," என்றான். "அவ காதுல விழுந்துராம. நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நான் கேக்கல."

"என்னடே சொல்லுத?"

"டிக்கெட் பாத்து வச்சிருக்கேன் மாமி. எனக்கு இந்த மழையில ஒரு நாளு கூட இருக்க முடியல. நம்ம ஜங்சன்ல சின்னதா ஒரு ஓட்டல் போட்டா போதும் எனக்கு. ரெண்டு வருசமா மன்றாடுகேன். அவதான் வரமாட்டேங்கா. அந்தப் பனையை வாங்கினதும் அவதான்."

இத்தனை நாளும் மனதுக்குள் கரித்துக் கொட்டியதெல்லாம் இந்தப் பையனையா? இப்போது அவன் ராஜபாய் கட்சி. அவளும் அவனும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த மாதம் மகள் மாடி அறையில் இருப்பாள்.

"போனை அவகிட்டக் குடு," என்றாள்.

"மாமி..."

"குடு மக்கா."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நனைந்த முகத்தோடு பிரீனா வந்தாள்.

"ஏட்டி, கேக்கதுக்கு உள்ளதச் சொல்லு. ஒனக்கு அங்க இருக்கதா ஆசை?"

பிரீனா அம்மாவைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தவள் மாதிரியும் இருந்தது, பயந்திருந்தவள் மாதிரியும் இருந்தது.

"ஆமாம்மா," என்றாள்.

அங்கே என்ன இருக்கிறது என்று ராஜபாய்க்குக் கேட்க வந்தது. இங்கே நான் இருக்கிறேனே என்று சொல்ல வந்தது. சொன்னால் மகள் வந்துவிடுவாள் என்பதும் தெரிந்தது. அதனால் அதைச் சொல்லவில்லை. அழுகலைச் சுரண்டி எடுக்க வேண்டியது, நல்ல கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுக்க வேண்டியது, துரிசு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் மூச்சுகூட விடாமல், குரல் உடைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல, சொல்லிக்கொண்டே போனாள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா சொல்லும்மா," என்றாள் பிரீனா. "நான் எழுதுகேன்."