அரை விநாடி ரசலையன்

பதினொரு வருடமாகச் சபையில் வாசித்துவரும் கீபோர்டின் முதுகை ஆன்ட்ரூஸ் முதன்முறையாகப் பார்த்தது போன மாசி மாதம்தான். குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்த சாமான் அது. யாராவது அதைக் கீபோர்டு என்று சொல்லிவிட்டால், “வொர்க்ஸ்டேஷனாக்கும்” என்று திருத்துவான். திருத்துவதோடு அவன் ஞானம் தீர்ந்துவிடும். உள்ளே இருந்த நானூற்றுச் சொச்சம் ஒலிகளில் அவன் கை போனது ஐந்தாறில்தான். பியானோ, ஆர்கன், வயலின் கூட்டம், புல்லாங்குழல். அப்புறம், திருவிருந்து நேரம் பார்த்து விரல் தவறிப் பட்டுக் கிளம்பும் ஹெலிகாப்டர்.

வலது ஓரத்தில் ‘சாம்பிளிங்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அவன் அதைத் தொட்டதே இல்லை. தொடாத பொத்தானைப் பற்றித்தானே மனுஷன் அதிகம் பேசுவான்?

“உலகத்துல உள்ள எந்த ஒச்சயயும் இதுக்குள்ள பிடிச்சுப் போடலாம் கேட்டியா. ஆடு கத்துனா அந்த ஆட்ட வச்சே ஒரு கீர்த்தனை வாசிக்கலாம்” என்று திங்கள்நகர் டீக்கடையில் அளந்துகொண்டிருந்தான். பக்கத்துப் பெஞ்சில் ரசலையன் டீயை ஆற்றிக்கொண்டு சும்மா கேட்டிருந்தார்.

ரசலையன் சபைப் பாடகர் குழுவின் பாஸ், அதாவது அடிக்குரல் பாடுகிறவர். முப்பத்துமூன்று வருடம் பஸ் கண்டக்டர். பின்படியில் நின்று ‘களியக்காவிளை’ என்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், முன்படியில் தொங்குகிறவனுக்கு நெஞ்சுக்கூடு அதிரும். அந்தத் தொண்டைதான் ஆறு மாதமாகக் கரகரத்தது. சுக்கு, மிளகு, ஆடாதோடை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் திருவனந்தபுரம் போனார்கள். குரல்வளையில் புற்று. முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன், புதன் காலையிலேயே போய்ப் படுக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ரசலையன் ஆன்ட்ரூஸின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

“ஏலே, ஆட்டுக்க ஒச்சய பிடிப்பேன்னு சொன்னியே. எனக்க ஒச்சய பிடிப்பியா?”

ஆன்ட்ரூஸுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

“வியாழக்கெழம இது போவும். ஞாயித்துக்கெழம நம்ம பாட்டுக்கு பாஸ் இல்லாம ஆவும். பெட்டிக்குள்ள போட்டு வச்சா நீ வாசிப்பேல்லியா? நான் முன்னால இருந்து கேட்டுக்கிடுவேன்.”

எனக்குத் தெரியாது அண்ணே என்ற மூன்று வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். நாற்பத்தாறு வயதில் அதைச் சொல்லப் பழகாதவன், “அதுக்கென்னண்ணே, நாளைக்கே பிடிச்சிருவோம்” என்றான்.

அன்று பகல் முழுக்க யூடியூபில் ஒரு பிலிப்பைன்ஸ்காரனின் காலடியில் கிடந்தான். மைக் சொருகுகிற துளை முதுகில் இருக்கிறதாம். அதன் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டாம், அதை மைக்குக்கு மாற்றிவைக்க வேண்டுமாம். சத்தத்தின் அளவு சிவப்புக் கோட்டைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். ஒருதடவைக்கு ஒரு நிமிடம் பிடிக்கலாம். பொத்தானை அமுக்கிக்கொண்டு நிற்கவும் வேண்டாம், ‘தானாகத் தொடங்கு’ என்று வைத்துவிட்டால் குரல் கேட்ட கணத்தில் மெஷினே பிடித்துக்கொள்ளும். இது ஆன்ட்ரூஸுக்கு ரொம்பப் பிடித்தது. அவனைவிட மெஷினுக்குப் புத்தி அதிகம் என்பதில் அவனுக்கே சந்தேகம் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ரசலையனின் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் கீபோர்டு ஏறியது. ரசலையனின் மனைவி லில்லி புஷ்பம் கோழிகளைக் கொல்லைப்புறம் துரத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

“மைனி, அண்ணன் ரொம்பப் பேசாண்டாம். இருக்கத பாட்டுக்கு வைக்கட்டும்” என்றான் ஆன்ட்ரூஸ். காலையில்தான் அவருக்குக் கொஞ்சம் குரல் இருக்கும். மத்தியானம் ஆனால் வெறும் காற்று.

மைக்கை வைத்தான். திரையில் ஒன்றும் அசையவில்லை.

“ஆவல்லியா?” என்றார் ரசலையன்.

“இப்பம் ஆவும்ணே.”

“ஒனக்க கல்யாணக் காரியத்துக்கும் இதத்தான் சொல்லீட்டு நடந்தே.”

குண்டூசித் தலை சுவிட்சைப் பல்குத்தியால் நகர்த்தினான். “ஒரு ஒச்ச குடுங்கண்ணே.” ரசலையன் அடக்கமாகத்தான் ‘களியக்காவிளை’ என்றார். சிவப்புக் கோடு பொங்கி நின்றது. மைக்கை ஒரு சாண் தள்ளிவைத்தான். இப்போது கோடு பச்சையிலேயே நின்றது. பிலிப்பைன்ஸ்காரன் பார்த்தால் கைதட்டியிருப்பான். ஆன்ட்ரூஸ் பொத்தானை அமுக்கினான். ‘காத்திருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லித் திரை மினுங்கத் தொடங்கியது.

“ரெடிண்ணே.”

ரசலையன் எழுந்து நின்றார். “ஒரு ஜெபம் பண்ணீட்டு தொடங்குவோம்.”

அந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும், புது பைக்கில் சாவி போட்டாலும் அதுதான் முறை. லில்லி சேலையை இழுத்துத் தலையில் போட்டாள். ஆன்ட்ரூஸ் நல்ல பிள்ளையாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ரசலையனின் ஜெபம் பரமண்டலத்துக்கு ஆர்டினரி பஸ், எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும். நடுவில் தன் பேர் அடிபட்டபோதும் ஆன்ட்ரூஸ் கண்ணைத் திறக்கவில்லை.

ஆமென் சொல்லி முடித்து அவர் பாடினார். கீழ்ச்சுரத்திலிருந்து ஒவ்வொரு படியாக ‘ஆ’ என்று ஏறினார். ஒவ்வொரு சுரத்துக்கும் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரு நிதானம். ஆன்ட்ரூஸ் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய தொண்டையில் ஏறி இறங்கும் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினாலாவது சுரத்தில் குரல் துணி கிழிவதுபோலக் கிழிந்தது. அவர் உட்கார்ந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“கிட்டிச்சுண்ணே! அத்தனையும் கிட்டிச்சு!” என்று ஆன்ட்ரூஸ் கட்டையை அமுக்கினான்.

“ஆஆண்டவரே” என்றது கீபோர்டு. “இந்த ஆன்ட்ரூஸ் பய பதினோரு வருஷமாட்டு ஒம்ம சன்னிதியில தப்புக் கட்டைய அமுக்குனான், நீரு பொறுத்தீரு. ஆஆண்டவரே, இன்னைக்கு ஒருநாள் அவனுக்க கைய நேராட்டு வையும். ஆஆண்டவரே, நாளை கழிஞ்சு இந்த வீட்டுல ஒச்ச இல்லாம ஆவும்போ லில்லி பேடிக்காம இரிக்கணும். நான் வாய்தொறந்து மிண்டாட்டாலும் இஞ்சதான் இரிக்கேன்னு அவளுக்குத் தெரியணும். ஆஆண்டவரே…”

ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆமென்கூட இல்லை. முதல் சத்தம் கேட்ட கணத்தில் பிடித்துக்கொள் என்று சொல்லியிருந்தான், அது சொன்னபடி செய்திருந்தது. எல்லாரும் கண்ணை மூடி நின்ற நேரத்தில் அது ஒன்றுதான் கண் விழித்திருந்தது. பாட்டு ஆரம்பித்தபோது அதன் வேலை முடிந்திருந்தது.

ரசலையனுக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. மறுபடி எழுந்து நின்று வாயைத் திறந்தார். காற்று வந்தது. இன்னொருதரம் முயன்றார்.

“போதும்” என்றாள் லில்லி. “அவியள இருக்க விடு.”

ஆன்ட்ரூஸ் அந்த ஒரு நிமிடத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். புதன்கிழமை, அவர்கள் கார் ஏறிப் போன பிறகு, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். பேச்சில் எங்கே சுரம் இருக்கும்? ஆனால் ‘ஆஆண்டவரே’ என்கிற இடத்தில் ரசலையன் பாஸ் பாடுகிற பழக்கத்தில் அந்த ‘ஆ’வை நீட்டியிருந்தார். நான்கு ஆண்டவர்களில் மூன்றாவது நல்ல சுத்தம். முன்னால் வெட்டினான், பின்னால் வெட்டினான். அரை விநாடி மிஞ்சியது. அதைச் சுற்றிச் சுற்றி ஓடும்படி வைத்துவிட்டால், கட்டையில் விரல் இருக்கும்வரைக்கும் ‘ஆ’ நிற்கும். மெஷின் இங்கிலீஷில் என்னமோ கேட்டது. எப்போதும்போல ‘யெஸ்’ போட்டான். பென்டிரைவிலும் கவனமாக, பழைய பேரிலேயே சேமித்தான்.

அதற்கப்புறம்தான் ஜெபத்தைத் தேடினான். எங்கும் இல்லை. வெட்டியது நகலை அல்ல, மூலத்தையே. மிச்சம் ஐம்பத்தொன்பதரை விநாடியும் போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனான். ரசலையன் பாதியாகியிருந்தார். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் வெள்ளைத் துணி. மடியில் ஒரு ரூல்டு நோட்டும் பேனாவும் இருந்தன. ஆன்ட்ரூஸ் ஞாயிறு ஆராதனைப் பாட்டின் பாஸை வாசித்தான். அறைக்குள் ரசலையன் பாடினார்.

நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘ஃப்ளாட்.’

ஆன்ட்ரூஸ் சுருதியைக் கொஞ்சம் ஏற்றினான். அவர் விரல் ‘இன்னும்’ என்றது. ஏற்றினான். இன்னும். நிறுத்து. அவர் தலையாட்டினார். ‘இப்பம் கொள்ளாம். முன்னால நீதான் ஃப்ளாட்டாட்டு பிடிச்சது’ என்று எழுதினார்.

லில்லி கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

“ஆன்ட்ரூஸே, அன்னைக்கு அவியோ ஜெபம் பண்ணுனது இதுல கெடக்குல்லியா? எனக்க பேரு சொன்னாவளே. அத ஒருக்கா போடு.”

இந்தக் கேள்விக்கென்று அவன் வழியெல்லாம் மூன்று தமாஷ் தயார் செய்து வைத்திருந்தான்.

“போச்சு மைனி. நான்தான் அழிச்சுப் போட்டேன். தெரியாம.”

“முழுசுமா?”

“இந்த ஆ மட்டும்தான் இரிக்கு.”

லில்லி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தாள். “சாரமில்ல, போனது போட்டு. அத அமுக்கு.”

அமுக்கினான். ‘ஆ’ கிளம்பி நின்றது. பத்து விநாடி. இருபது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. சுவர்க்கடிகார முள் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்ததற்குக் கிளம்பியது.

“இது என்னதுடே” என்றாள் லில்லி. “மூச்சே எடுக்கல்லியே. மனுசன் மூச்சு எடுக்காண்டாமா? எடு, கைய எடு!”

கையை எடுத்தான்.

அறையில் ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து, ஈரமாக, கரகரவென்று, உள்ளே போய் வெளியே வந்தது. ரசலையன் கூச்சத்தோடு துணியின்மேல் கையை வைத்து அதை அமர்த்தப் பார்த்தார். லில்லி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆன்ட்ரூஸ் மின்சார ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். இரண்டு முழ ஒயர்தான். சுருட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.