சட்டை போடாத நடை

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகு மோகனன் கோவிலுக்குள் போனதே இல்லை. உள்ளே போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நீளமான தழும்பை ஊரே பார்க்குமே என்று மதிலுக்கு வெளியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

இப்போது தழும்புக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் வேறு. தினமும் நடக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒட்டிவிட்டிருந்தார்கள்.

“நடக்கத்தானே சொன்னாவ? சாமியைச் சுத்தி நடங்க,” என்று மனைவி சரசம்மா கோவில் வாசலில் அவர் சட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

முதல் சுற்றிலேயே சுகுமாரன் வந்து சேர்ந்துகொண்டார். மோகனனை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று, இனி இவன் எழும்பமாட்டான் என்று ஊரெல்லாம் சொன்னவர்.

“நெஞ்சுல என்னடே இது?”

“மிஷினாக்கும். நான் நடக்கும்போ நெஞ்சு எப்பிடி அடிக்குதுன்னு ஆஸ்பத்திரியில இருந்து பாக்காவ.”

வாசலில் நின்ற சரசம்மாவின் போன் அடித்தது. பேசி முடித்தவள் பிராகாரமே கேட்கக் கத்தினாள்: “நெஞ்சு நல்லா இருக்காம்! இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கலாமாம்!”

மோகனன் நெஞ்சை நிமிர்த்தி எட்டி நடைபோட்டார். அடுத்த சுற்றில் பார்த்தால், சுகுமாரன் தூணைப் பிடித்தபடி மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உங்களுக்கும் ஒண்ணு ஒட்டச் சொல்லட்டா?”