அன்புமொழி போட்ட கணக்கு

பொற்கொடி இடுப்புக் குடத்தை இறக்கி வைக்கும்போது பேராசிரியரின் கார் பந்தலோரம் வந்து நின்றது. தம்பியைக் குளிப்பாட்ட அண்டாவில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. மஞ்சள்காமாலை முற்றி இறந்த அன்புமொழியின் உடலைத் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து விடிகாலையில்தான் திருவரங்குளத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

பேராசிரியர் மாலையைப் போட்டுக் கும்பிட்டார். பிறகு அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவரோட லேப்டாப் வேணும். அதுல இருக்கிற ஆராய்ச்சிக் கட்டுரையை இந்த வாரமே அனுப்பியாகணும்."

முனைவர் பட்டத்துக்கு இவர் போட வேண்டிய கையெழுத்துக்காகத்தான் தம்பி வருடக்கணக்காக நாயாய் அலைந்தான். இவர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கினான், இவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். 'பத்தாது, திருத்திக்கிட்டு வா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. காய்ச்சலோடு கிடந்தபோதும் ஊருக்கு விடவில்லை.

"அப்படி என்னங்க சார் கண்டுபுடிச்சான்? எங்களுக்கு ஒண்ணும் வெளங்குனதில்ல."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வௌவால் கத்துற சத்தம் ஒரே சீரா இருக்காதும்மா. போகப் போக அதோட சுருதி வளையும். வழக்கமான கணக்குல போட்டா எல்லாம் கலங்கிப்போயிடும். அந்த வளைவைக் கண்டுபிடிச்சு, அதை மொதல்ல நிமித்திட்டுப் பாத்தா, கலங்கல் போயி ஒத்தைக் கோடாத் தெளிவாத் தெரியும். எத்தனை இரைச்சல் இருந்தாலும் அந்த வளைவைப் பிடிக்கிற வழி இவரோடது."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இருளாயி நிமிர்ந்தாள்.

"அப்ப எம்புள்ள கெட்டிக்காரனா, சார்?"

"எங்க டிபார்ட்மென்ட்ல அவரளவுக்கு யாரும் இல்லம்மா."

"இத அவங்கிட்டச் சொன்னீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெருவில் பறை முழங்கத் தொடங்கியது.

"கட்டுரையில மொதப் பேரு யாரோடதுங்க?" என்று பொற்கொடி கேட்டாள்.

"அதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா. மொதல்ல என் பேரு, அப்புறம் அவர்..."

லேப்டாப் உள்ளே, அவன் போட்டுவந்த சட்டைக்கு அடியில் இருந்தது. அவள் நகரவில்லை.

"எழவு வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக்கூடாதுங்க, சார். அப்படியே கெளம்புங்க."

அவர் செருப்பைத் தேடினார். தண்ணீர்க் குடங்களோடு பெண்கள் அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

மகனின் தாடைக்கட்டு தளர்ந்திருந்தது. இருளாயி அதை அவிழ்த்து, தலையைத் தன் மடிமேல் சாய்த்துக்கொண்டு, வலிக்கக்கூடாது என்பதுபோல மெதுவாக மறுபடி கட்டினாள்.