வெட்டாத பக்கங்கள்

முஹன்னத் காபிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்கள், இருபத்துநான்கு. துக்கத்தின் முதல் மூன்று நாட்களில் வந்தவர்களுக்கெல்லாம் இவற்றில்தான் சர்க்கரை போடாத காபி ஊற்றினார்கள். அதன் பிறகு மேல் தட்டில் இருந்தன. இன்று மறுபடி இறக்கியாயிற்று. அவன் மனைவி லுமா இறந்து நாற்பதாம் நாள்.

மாலை அஸர் தொழுகை முடிந்திருந்தது. சூரியன் மறைந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு உறவினர்கள் வருவார்கள். மாமியார் உம்மு நிதால் குர்ஆனை முழுதும் ஓதிக் கத்தம் முடித்ததற்கான வேண்டுதலை, துஆவைக் கேட்க வைப்பார். பிறகு குர்ஆன் புத்தகங்கள் இருக்கும் பழுப்புப் பெட்டி லுமாவின் பெயரில் தெருமுனைப் பள்ளிவாசலுக்குப் போய்விடும். அத்துடன் எல்லாம் முடிந்தது என்பார்கள். எது முடிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கிண்ணத்தை இரண்டு முறை கழுவினான்.

பெட்டியை மாமியார் பழைய கடைவீதியில் வாங்கியிருந்தார். உள்ளே முழுக் குர்ஆனும் முப்பது மெல்லிய புத்தகங்களாக இருந்தது. ஆளுக்கு ஒன்று. முப்பது பேர் ஒவ்வொரு பாகம் ஓதினால், இறந்தவருக்காக ஒரு கத்தம் நிறைவாகும். மூன்றாம் நாளே புத்தகங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. ஊரில் இல்லாதவர்களுக்குப் பதிலாக அவரவர் வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். லுமாவின் தங்கை ஹதீல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்று முதல் முப்பது வரை பட்டியல் போட்டாள். ஓதி முடித்தவர்கள் தங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சைக் குறி போட வேண்டும். குழுவில் இல்லாதவர்கள் சொன்னால் அவளே போடுவாள். நான்கே நாளில் முப்பது பச்சைக் குறிகள் விழுந்துவிட்டன.

உம்மு நிதாலுக்கு எழுத்துத் தெரியாது. பச்சை நிறம் தெரியும். ஹதீலின் போனை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "என் பிள்ளை மேல எல்லாருக்கும் இவ்வளவு பாசமா," என்று சொல்லி அழுதார். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கொஞ்சம் சோறு சாப்பிட்டார்.

முஹன்னதின் எண் ஏழு. ஆறாம் நாள் காலையில், அலுவலகத்துக்குப் போகும் லிப்டில் நின்றபடி பச்சைக் குறியைப் போட்டான். மாலையில் ஓதிவிடலாம் என்று நினைத்திருந்தான். இருபது பக்கம்தானே. அவன் படித்த பொறியாளர்.

"மச்சான், கொஞ்சம் இங்க வாங்களேன்."

வரவேற்பறையில் ஹதீல் தரையில் உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அவள் தம்பி ராக்கான் சோபாவில் நீட்டிப் படுத்துப் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. பாடப்புத்தகம் வாங்கியதே இல்லை. நகல் கடையில் விற்கும் குறிப்புகளின் சுருக்கத்தைப் படித்தே தேறி வந்தவன்.

ஹதீல் ஒரு புத்தகத்தை நீட்டினாள். "இதைப் பிரிங்க."

பிரித்தான். இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு தாள்கள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. மடித்த தாளை அச்சகத்தில் வெட்டவே இல்லை. மலிவுப் பதிப்பு. கத்தி வைத்துப் பிளந்தால் ஒழிய உள்ளே இருக்கும் எட்டுப் பக்கங்களை யாராலும் பார்க்க முடியாது.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றாள் ஹதீல். தலையை நிமிர்த்தவில்லை. "உங்களோடதையும் பார்த்தேன்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த புத்தகத்தை எடுத்தான். ஒட்டியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. ராக்கான் எழுந்து வந்தான். மூவரும் முப்பதையும் பிரித்துப் பார்த்தார்கள். இருபத்தேழில் கத்தி படவே இல்லை.

"பேக்கிங் பிரிக்காத சரக்கு மாதிரி இருக்கு," என்றான் ராக்கான். "கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான்."

"வாயை மூடு. உன்னோடதும் இதுலதான் இருக்கு."

"இல்லைன்னு நான் சொன்னேனா?"

வெட்டியிருந்தவை மூன்று. நான்காவது, லுமா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துத் தோழியுடையது. பத்தொன்பதாவது, கட்டடத்துக் காவலாளியுடையது. சவரக் கத்தியால் நேர்த்தியாக வெட்டியிருந்தார். முப்பதாவதைக் கையில் எடுத்ததும் ஹதீல் அப்படியே இருந்துவிட்டாள். விளிம்புகள் கோணல்மாணலாகக் கிழிந்திருந்தன. ஒரு பக்கத்தில் தக்காளிக் கறை.

"உம்மாவோடது."

"உம்மாவுக்குத்தான் எழுத்தே தெரியாதே," என்றான் ராக்கான்.

"கடைசிப் பாகம் அவங்களுக்கு மனப்பாடம். எது மேல் பக்கம்னு என்கிட்டதான் கேட்டாங்க. வரி மேல விரலை வெச்சு நகர்த்திக்கிட்டே ஓதுவாங்க. விரல் ஒரு வரியில இருக்கும், வாய் வேற வரியில இருக்கும். ஆனா ஒரு பக்கம்கூட விட மாட்டாங்க." அவள் கிழிந்த விளிம்பைத் தொட்டாள். "ஒட்டியிருக்குன்னு சமையலறைக் கத்தியை எடுத்து வெட்டியிருக்காங்க பாரு."

தெருவில் எரிவாயு சிலிண்டர் விற்கும் லாரி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு மலைச் சரிவில் இறங்கியது. மக்ரிபுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மூன்று பேர், இருபத்தேழு பாகங்கள். ஓதி முடிக்க முடியாது. அப்படியே கொடுத்தால் பள்ளிவாசல் இமாம் இன்றே பிரித்துப் பார்ப்பார். அடுத்த துக்க வீட்டுக்குக் கொடுக்க எண்ணிப் பார்ப்பது அவர் வழக்கம். விஷயம் உம்மு நிதால் காதுக்குப் போய்விடும்.

"சிம்பிள்," என்றான் ராக்கான். "ஆளுக்கு ஒன்பது. வெட்டிடுவோம். பத்து நிமிஷ வேலை."

"வெட்டினா ஓதினதா ஆயிடுமா?"

"ஓதலைன்னு தெரியாம போயிடும். அது போதும்."

ஹதீல் முஹன்னதைப் பார்த்தாள். அவன் சமையலறைக்குப் போய் பழக் கத்தி இரண்டும் ரொட்டிக் கத்தி ஒன்றும் எடுத்து வந்தான். அவன் அப்படித்தான் இருந்தான் இந்த நாற்பது நாளும். யாராவது ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் செய்துவிடுவான்.

முதலில் தன்னுடைய ஏழாவதை எடுத்தான். கத்தியை மடிப்புக்குள் விட்டு இழுத்தான். தாள் மெல்லக் கிழிந்தது. உள்ளே வெள்ளையாக, யாரும் பார்க்காத பக்கம். ஒரு வரியை வாசித்தான். அரபி அவன் தாய்மொழிதான். இரண்டாம் வரியில் கண் வழுக்கியது. மறுபடி முதல் வரி. மூன்றாம் வரியில் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது. போனைத் தேடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லுமா பெண்கள் பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்தாள். "இந்த வருஷம் நூலகத்துக்கு நிறையப் பிள்ளைங்க வந்தாங்க. எல்லாம் ஏசிக்காக," என்பாள். தான் வாசிப்பதையெல்லாம் அவனிடம் நீட்டுவாள். அவன் எப்போதும் ஒன்றே சொல்வான்: "சுருக்கமா சொல்லு." பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கதை சொல்வாள். ஆறு வருடம் அவனுக்குப் புத்தகங்கள் அப்படித்தான் கிடைத்தன.

ஆஸ்பத்திரியில் மட்டும் சொல்லவில்லை. ஒரு நாவலை அவன் கையில் வைத்தாள். "இதை நான் சொல்ல மாட்டேன். நீயே வாசி. நாம பேசுவோம்." அவன் பதினோரு நாள் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாவல் நாற்காலியின் கைப்பிடியில் கிடந்தது. அவள் தினமும் கேட்பாள், "எத்தனாவது பக்கம்?" ஒரு நாள் நாற்பது என்றான். ஒரு நாள் எண்பத்தைந்து.

"அப்போ அந்தக் கிணத்தடிக்கு வந்திருப்பியே?"

"வந்துட்டேன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் பக்கம் கேட்கவில்லை. அந்த நாவலில் கிணறு இருக்கிறதா, அவனைப் பிடிப்பதற்காகக் கேட்டாளா, இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

"நிறுத்து, ராக்கான்," என்றான் முஹன்னத்.

"நாலு முடிச்சிட்டேன் மச்சான்."

"போதும். மாமிகிட்ட சொல்லிடறேன்."

ஹதீல் கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லாதீங்க மச்சான். அந்த முப்பது பச்சையை நம்பித்தான் அவங்க தூங்கறாங்க. அதையும் எடுத்துட்டா அவங்களுக்கு என்ன மிச்சம்?"

சொன்னால் மாமியார் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் இந்தக் கத்தியை மறுபடி கையில் எடுக்க வேண்டும். அவன் தேடிப் பார்த்தான்; மூன்றாவதாக ஒரு வழி தென்படவில்லை.

உம்மு நிதால் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் ரவைப் பலகாரத் தட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தரையில் கிடந்த காகிதத் துணுக்குகளைப் பார்த்தார். கத்திகளைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"மாமி," என்றான் முஹன்னத். எழுந்து நின்றான். "நான் ஓதல. குறி மட்டும் போட்டேன்."

அவர் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினார். ஹதீல் வாங்கிக்கொண்டாள். "நானும் ஓதல உம்மா."

"வேற யாரு?"

ராக்கான் பெட்டியைப் பார்த்தான். அவர் சோபாவில் உட்கார்ந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு புத்தகத்தை எடுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். அடுத்ததை எடுத்தார். வாசிக்கத் தெரியாதவருக்கும் அது தெரிந்தது. ஏழெட்டு எடுத்துப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டார்.

"காலம் மாறிடுச்சும்மா," என்றான் ராக்கான். "இப்ப யாரு காகிதத்துல படிக்கறா? எல்லாம் போன்லயே இருக்கு."

"போன்ல இருக்கு. உன்கிட்ட என்னடா இருக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க வாப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல," என்றார் அவர். குரல் உயரவில்லை. "உங்க நாலு பேரையும் நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டேன். விட்டுட்டு உடனே வர மாட்டேன். வெளிச் சுவர் ஓரமா நிப்பேன். உள்ள எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து சத்தமா வாசிக்கும். கேட்டுட்டு வந்து சமைப்பேன். எனக்கு அந்தக் கதவை யாரோ சாத்தினாங்க. உங்களுக்குத் திறந்து கிடந்தது. நீங்களே உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டீங்க."

முப்பதாவது புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு துஆ கிடையாது. முடியாததை முடிஞ்சதுன்னு அல்லாஹ்கிட்ட என்னால சொல்ல முடியாது. வர்றவங்களுக்குக் காபி குடுங்க. அவங்கவங்க புத்தகத்தையும் குடுங்க."

முஹன்னத் குழுவில் பட்டியலை மறுபடி போட்டான். ஏழுக்குப் பக்கத்தில் பச்சையை எடுத்திருந்தான். "ஓதவில்லை. மன்னிக்கவும்," என்று எழுதினான். செய்தி போய்ச் சேராத ஒரே எண் லுமாவுடையது. அவளைக் குழுவிலிருந்து நீக்க இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குவைத்தில் இருக்கும் லுமாவின் அண்ணன் நிதால் தன் பச்சையை எடுத்தான். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. ஒரு சித்தப்பா மகன் மட்டும், "நான் போன்லயே ஓதினேன், சத்தியமா," என்று எழுதினான். யாரும் மறுக்கவில்லை. நம்பியதாகவும் தெரியவில்லை.

மக்ரிபுக்குப் பிறகு வந்தவர்கள் காபியைக் குடித்தார்கள். இருமினார்கள். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் சிலருக்கு அவசர வேலை வந்துவிட்டது. சிலர் உட்கார்ந்தார்கள். பழக் கத்தி கைமாறிக்கொண்டே போனது.

முஹன்னத் மூலையில் உட்கார்ந்து ஓதினான். இருபது பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கண் வழுக்கும்போதெல்லாம் மாமியார் செய்வதுபோல் வரியின் மேல் விரலை வைத்தான். எட்டாம் பக்கத்தில் எரிச்சலாக இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் சட்டைப்பையை மறந்திருந்தான். பதினைந்தாம் பக்கத்தில் அழுதான். நாற்பது நாளில் முதல் தடவை.

ராக்கான் தன் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான்கு பக்கம் தாண்டியிருந்தான். "முடிச்சிட்டீங்களா? என்ன இருக்கு மச்சான் அதுல? சுருக்கமா சொல்லுங்களேன்."

முஹன்னத் அவனைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டேன். நீயே வாசி."

"ஒரு ரெண்டு வரி."

"உங்க அக்காகிட்ட நான் ஆறு வருஷம் இதையேதான் கேட்டேன். ஒரு புத்தகத்தைக் கையில குடுத்து, வாசி, நாம பேசுவோம்னு சொன்னா. வாசிச்சதா பொய் சொன்னேன். என்ன பேச நினைச்சாளோ, இனி தெரியாது." கையிலிருந்த புத்தகத்தை மூடினான். "நாம வாசிக்கறதை விட்டா புத்தகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லடா. அது பேசாம அலமாரியில இருக்கும். நம்மகிட்ட ஒண்ணு சொல்ல வந்தவங்க சொல்லாமலே போயிடுவாங்க. நஷ்டம் அதுதான். வாசி."

ராக்கான் போனை எடுத்துச் சோபாவின் மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டு, விட்ட வரியைத் தேடினான்.

முஹன்னத் எழுந்து படுக்கையறைக்குப் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பை அலமாரியின் கீழ்த் தட்டில் அப்படியே இருந்தது. நாவலை எடுத்துக்கொண்டு வந்து, அதே மூலையில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தான். வரியின் மேல் விரலை வைத்தான்.

முதல் பக்கத்தில் கிணறு இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.