இருபத்தொரு வீட்டுத் துணி

என் கையைப் பற்றி எருத்தேன்பதியில் ஒரு பேச்சு உண்டு. மருதாத்தாள் ஐந்து பெற்றாள், ஐந்தும் தங்கின. அதனால் அவள் தைத்துக் கொடுக்கும் ஒட்டுப் போர்வையில் கிடக்கிற பிள்ளையும் தங்கும் என்பார்கள். முதலில் யார் சொன்னார்களோ, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் மறுக்கவில்லை. நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

என் தங்கை கமலாத்தாளுக்கு மூன்று பிறந்து மூன்றும் போய்விட்டன. ஒன்றுகூட ஒன்பது நாள் தாண்டவில்லை. நாலாவதற்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது, மாசி முதல் தேதி, அவளே என் வீட்டுக்கு வந்து முந்தானையை ஏந்தி நின்றாள்.

"அக்கா, இதாச்சும் எனக்குத் தங்கோணும். நீ தெச்சுக் குடு."

"முந்தானைய எறக்கு மொதல்ல. நானென்ன மாரியாத்தாளா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். விழுந்துவிட்டு உள்ளே போய் அழுதேன். கூடப் பிறந்தவள் பிச்சைக்காரி மாதிரி வந்து நின்றால் வயிறு எரியாதா?

இந்தப் போர்வைக்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகள் கெட்டியாக வளரும் இருபத்தொரு வீடுகளில் துணிப் பிச்சை எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை உடுத்திக் களைந்த துணியாக இருக்க வேண்டும். கொடுப்பவர்கள் துவைத்துக் கொடுக்கக் கூடாது, வாங்கி வந்தவளும் தண்ணீர் காட்டக் கூடாது. துவைத்தால் துணியில் ஒட்டியிருக்கிற ஆயுசும் அழுக்கோடு போய்விடும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை.

இருபது வீட்டில் பாவாடைக் கிழிசலும் கோவணத் துண்டும் கிடைத்தன. இருபத்தொன்றாவது, செங்கோட்டையன் வீடு. அவன் பெண்சாதி கருப்பாத்தாள் தன் கடைசிப் பையனின் சட்டையைக் கொண்டுவந்தாள். தை மாதம் அந்தப் பையனுக்கு அம்மை போட்டு, உடம்பெல்லாம் முத்து இறைத்து, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்து, மூன்று தண்ணீர் ஊற்றி எழுந்தவன். தண்ணீர் ஊற்றும் வரைக்கும் போட்டிருந்த சட்டை அது.

"ஆத்தா வந்து வெளையாடிட்டு உட்டுட்டுப் போன உசுருங்க இது. இதுக்கு மேல கெட்டி எங்கீங்க இருக்குது?" என்றாள்.

நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கமலாத்தாளிடம் காட்டியபோது அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. அதை நடுவில் வைக்கச் சொன்னாள், பிள்ளையின் தலை கிடக்கும் இடத்தில். அப்படியே வைத்தேன்.

மாசி முழுக்க மத்தியான வேளைகளில் தைத்தேன். கமலாத்தாள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். கை வலித்தால் படிப்பேன். என் அப்பா கொழிஞ்சாம்பாறையில் பத்துப் பிள்ளைகளை வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், அதனால் எனக்குப் படிக்க வரும். கமலாத்தாளுக்கு எழுத்து ஏறவே இல்லை, எங்கள் வளவு வீடுகளில் வேறு பெண்களுக்கும் வராது. புத்தகம் வாங்க நாங்கள் என்ன மிராசுதாரா? மத்தியாஸ் கடையில் சாமான் மடித்துக் கொடுக்கும் பழைய பத்திரிகைத் தாள்தான் எங்களுக்குப் புத்தகம். அதில் ஒரு தொடர்கதை. ரங்கூனுக்குப் போன புருஷனைத் தேடிக் கப்பலேறுகிறாள் ஒருத்தி. கொத்துமல்லித் தாளில் புருஷன் செத்துப்போனான், மறுவாரம் மிளகாய்த் தாளில் உயிரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கமலாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அந்த மாதம்தான்.

மாசி இருபத்துநாலு அன்று சீரகம் மடித்து வந்த தாளைப் பிரித்தேன். கதை இல்லை, வைத்தியக் குறிப்பு. வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். "அம்மை கண்டவர் உடலிலிருந்து உதிரும் பொருக்கு..." என்றவள் நிறுத்திவிட்டேன். மீதியைக் கண் படித்தது. அந்தப் பொருக்கு துணியில் மாதக்கணக்கில் தங்கி நோயைப் பரப்பும். அத்துணியைக் கொதிநீரில் போட வேண்டும், அல்லது எரித்துவிட வேண்டும். கைக்குழந்தையின் அருகில் ஒருபோதும் வைக்கலாகாது.

"ஏன்க்கா நிறுத்திப்போட்ட?"

"எண்ணெ பட்டிருக்குது. எழுத்துத் தெரீல" என்றேன்.

அவள் நூலைக் கோத்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒரு துண்டைப் பிரித்தெடுக்க ஒரு நாழிகை போதும். கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? காகிதத்தில் எழுதுகிறவன் என்ன பிரம்மாவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று பிள்ளைகள் போனபோது எந்தச் சட்டை வந்து கொன்றது என்று கேட்டுக்கொண்டேன். அதெல்லாம் சால்ஜாப்பு. உண்மை இதுதான்: ஆத்தாள் தொட்ட துணியை நான் எடுத்து, அதற்கப்புறம் பிள்ளை போனால் மருதாத்தாள்தான் கொன்றாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? துணி இருந்து பிள்ளை போனால் அது விதி, என்னை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். என் பேரை ஒரு பக்கம் வைத்து, பிள்ளையை மறுபக்கம் வைத்து, பேரை எடுத்துக்கொண்டேன். தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டேன்.

பங்குனி மூன்றாம் தேதி ஆண் பிள்ளை பிறந்தது. போர்வையை நானே விரித்து, நானே கிடத்தினேன். ஒன்பதாம் நாள் கமலாத்தாள் சோறு தண்ணீர் இல்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் விடிந்ததும் அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி வளவு முழுக்க வெல்லம் கொடுத்தான். என் காலில் விழ வந்தான், சிரித்துக்கொண்டே தடுத்தேன். பத்திரிகைக்காரனை அன்றைக்கு மனசுக்குள் எத்தனை கேலி செய்தேன் தெரியுமா?

பதினைந்தாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. பதினெட்டாம் நாள் நெற்றியில் முத்து தெரிந்தது. ஈஸ்வரமூர்த்தி வாசலில் வேப்பிலை செருகினான். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சின்ன வயதிலேயே போட்டு ஆறிய தழும்பு இருக்கிறது, எனக்கும் உண்டு. அதனால் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வந்தது பிள்ளைக்கு மட்டும்தான்.

"கமலா, போர்வைய எடுத்தர்லாம். வாழையெலைல கெடத்தலாம்" என்றேன்.

"அத மட்டும் தொடாதக்கா. அதுதான் இவனப் புடிச்சு வெச்சிருக்குது" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லி இனி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன். இருபத்தாறாம் நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது. ஈஸ்வரமூர்த்தி அதைப் போர்வையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் நான் ஊசியையும் எடுக்கவில்லை, தாளையும் எடுக்கவில்லை. மத்தியாஸ் கடைக்குப் போனால் தாளை அங்கேயே உதறிப் போட்டுவிட்டு, சாமானை முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன். சோறு இறங்கவில்லை. தங்கச்சி மேல் எத்தனை பாசம் பாருங்கள் என்று ஊரார் அதற்கும் என்னைத்தான் மெச்சினார்கள். செத்துப் போகலாம் போல இருந்தது.

சித்திரை பாதியில் கமலாத்தாள் வந்தாள். நான்தான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். அவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீ அழுவாதக்கா. மத்த மூணும் ஒம்போது நாளத் தாண்டுச்சா? இவன் இருவத்தாறு நாளு இருந்தானே. தூக்கத்துல சிரிச்சான், நாம் பாத்தேன். அது உன்ற கைதான். ஆத்தா தொட்ட துணி ஒண்ணே ஒண்ணு இருந்ததுக்கே இத்தன நாளு. அடுத்ததுக்கு அம்மை வந்து பொழச்ச ஊடாப் பாத்து நெம்பத் துணி வாங்கோணும்க்கா."

"கமலா" என்றேன்.

"சொல்லக்கா."

அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. வேறு யாரையும் அவள் இப்படி நம்பிப் பார்த்ததில்லை.

"தெச்சுத் தாரேன்" என்றேன்.