பெண்ணின் தாயார் மேடைக்கு வரவும்

அந்தக் கல்யாண மண்டபத்தில் அவளுக்கு மேடையக்கா என்று பெயர். முதலாளி முதல் தரை துடைப்பவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். யார் எப்போது மேடையேற வேண்டும், யார் பக்கத்தில் யார் நிற்கக் கூடாது, எந்த அத்தையை எந்த அத்தையிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்வது மணமக்கள்தான், ஆனால் அது அடிதடி இல்லாமல் முடிவது மேடையக்காவால் என்று அறிவிப்பாளர் சொல்வார். அவருக்குக் கணீர் அண்ணன் என்று பெயர். குரலைக் கேட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா விதக் கல்யாணமும் அவள் பார்த்தாயிற்று. சாமி முன்னால் நடக்கிற கல்யாணத்தில் வேலை குறைவு. எப்போது எழுந்து நிற்பது, எப்போது வாயை மூடுவது என்று கூட்டத்துக்கே தெரியும். புல்வெளிக் கல்யாணத்தில் நாற்காலிக் காலும் புதையும், ஹீல்ஸ் செருப்பும் புதையும், பாதிப்பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வாழ்த்துவார்கள். காலையில் ஒரு மதம், மாலையில் ஒரு மதம் என்று நடந்தால் இரண்டு தரப்பையும் நாள் முழுக்க முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுமணத்தில் எவ்வளவு சிரிக்கலாம் என்று விருந்தாளிகளுக்குத் தெரியாது, அளந்து சிரிப்பார்கள். இருப்பதிலேயே கஷ்டம் பதிவுத் திருமணம். மோதிரம், கையெழுத்து, முடிந்தது. வந்தவர்கள் கல்யாணம் ஆரம்பித்ததா முடிந்ததா என்று பக்கத்து நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

விருந்தாளிகளுக்கும் அவளிடம் சட்டம் உண்டு. மணப்பெண்ணைவிட மினுங்காதே. கல்யாணமாகாதவளிடம் 'அடுத்து நீதான்' என்று சொல்லாதே. பெண்ணிடம் இளைத்துவிட்டாய் என்றும் அவள் அம்மாவிடம் பருத்துவிட்டாய் என்றும் சொல்லாதே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அதில் பாதிப் பொய்யாவது அந்த மண்டபத்தில் மேடையக்கா வாயால் வந்ததாகத்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு கல்யாணத்திலும் அவள் அழுதாள். யார் வீட்டுப் பெண்ணோ புகுந்த வீடு போவாள், இவள் தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்துவாள். அது எந்த வருஷம் நின்றது என்று அவளுக்கே தெரியாது. 'இன்னொருத்தியோடு இருக்கப் போகிறேன்' என்று கணவர் சொன்ன அன்றைக்கு, "சரி, பீரோ சாவிய வெச்சுட்டுப் போங்க" என்றாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளில் கோர்ட்டிலிருந்து நேராக ஒரு வரவேற்புக்கு வேலைக்குப் போனாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், எல்லோரிடமும் சிரித்தாள். மரத்துப்போன காலால் நடப்பது மாதிரிதான், நடக்க முடியும், கீழே தரை இருப்பது தெரியாது.

அவளுக்கு ஒரே மகள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அம்மா, அன்னைக்கு நீ வேலை பாக்கக் கூடாது."

"பாக்கல."

"மைக் வயரு சுருண்டு கெடந்தாலும் குனியக் கூடாது."

"குனியல."

"கணீர் மாமாகிட்டயும் சொல்லிட்டேன், உன்னைத் திரும்பியே பாக்கக் கூடாதுன்னு. நீ கண்ணக் காட்டுவ, அவரு உடனே ஆரம்பிச்சிருவாரு." மகள் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஊர்ல இருக்கற எல்லாப் பொண்ணுக்கும் நீ இருந்த. எனக்கு மட்டும் நீ வேலைக்குப் போயிருந்த. ஒரே ஒரு நாள் கேக்கறேன். எனக்கு அம்மாவா மட்டும் இரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் கேட்பது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா, பட்டமளிப்பு என்று எந்த நல்ல நாளிலும் மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம் இருந்திருக்கிறது. மேடையக்கா சரி என்று தலையாட்டினாள். ஆட்டியபோதே பயம் வந்தது. உட்கார்ந்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. உட்கார்ந்து, பெற்ற பெண்ணைக் கண் நிறையப் பார்த்தும் உள்ளே ஒன்றுமே அசையாவிட்டால்? அதை மகள் கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டு வீட்டு முறைகளும் ஒத்துவராததால் பதிவுத் திருமணம்தான் என்று முடிவாகியிருந்தது. பதிவாளரே மண்டபத்துக்கு வந்தார். மேடையக்கா முதல் வரிசையில், நடைபாதையை ஒட்டி, புதுப்புடவை விறைக்க உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி முன்னாள் கணவர், அவரை அடுத்து அவருடைய இப்போதைய மனைவி. உறவுக்காரர்கள் அந்தப் பெண்ணைச் சின்னவள் என்பார்கள். அவர்கள் வந்தபோது மேடையக்கா எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்று மண்டபத்துச் சிரிப்பைச் சிரித்தாள். யார் வந்தாலும் அதே சிரிப்புதான்.

பூ அலங்காரம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். மகள் வந்தாள். பார்த்தாள். நல்ல புடவை, நல்ல அலங்காரம், வலது காதுத் தோடு சற்றுத் தொங்குகிறது. அவ்வளவுதான் தோன்றியது. இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். மோதிரம் மாற்றினார்கள். ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார், மகள் போட்டாள், சாட்சியாக மாப்பிள்ளையின் அம்மா போட்டார்.

மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி கணீர் அண்ணன் முதல் வரிசையைப் பார்க்கவே இல்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, எல்லாக் கல்யாணத்திலும் சொல்வதை அதே குரலில் சொன்னார்.

"பெண்ணின் தாயார் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்."

மேடையக்கா எழுந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். விறுவிறுவென்று நடந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

எந்தக் கல்யாணத்திலும் அந்த நேரத்தில் பெண்ணின் அம்மாவைக் காண முடியாது. ஒன்று சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பார், இல்லாவிட்டால் மணமகள் அறையில், அதுவும் இல்லையென்றால் பாத்ரூமில் அழுதுகொண்டிருப்பார். தேடிக் கூட்டிவருவது மேடையக்கா வேலை, கால்களுக்கு வழி தெரியும். பரிமாறுகிறவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பொண்ணோட அம்மா இந்தப் பக்கம் வந்தாங்களா?"

அவர் வாயைத் திறந்தார், "அக்கா..." என்றார். அதற்குள் அவள் போய்விட்டாள்.

மணமகள் அறையில் யாரும் இல்லை. கழற்றிப் போட்ட சுடிதார் ஒன்று தரையில் கிடந்தது. எடுத்து உதறி மடித்து நாற்காலியில் வைத்தாள். துணியை மடித்து வைக்கக்கூடச் சொல்லித் தராமல் என்ன வளர்த்தார்களோ என்று நினைத்துக்கொண்டாள். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

"அம்மா, உள்ள இருக்கீங்களா? அழுதது போதும்மா. முகத்தக் கழுவிட்டு வாங்க. புள்ள உங்களுக்காகக் காத்துட்டு நிக்குது."

பின்னால் யாரோ ஓடிவந்து மூச்சு வாங்கினார்கள். சின்னவள்.

"நல்லவேளை வந்தீங்க" என்றாள் மேடையக்கா. "பொண்ணோட அம்மாவக் காணோம். நீங்க எங்கயாவது பாத்தீங்களா?"

சின்னவள் சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான்க்கா."

குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. மேடையக்கா கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"புள்ள என்ன நெனச்சா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கறது பிடிக்காம எழுந்து போயிட்டீங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க. உங்களுக்குப் பதிலா அவரு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாரு. எனக்கு அது நல்லால்ல, உங்களத் தேடி வந்துட்டேன். வாங்கக்கா."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடைபாதை அவள் தினமும் நடப்பதுதான், ஆனால் அன்றைக்கு முடியவே இல்லை. மேடையில் மகள் பேனாவோடு நின்றாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. அம்மா வரமாட்டாள் என்று பழகிப்போன பிள்ளையின் முகம் அது. தன் கல்யாணத்திலும் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா போன?" என்றாள் மெதுவாக.

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யில் அவளை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்கம்மாவத் தேடிப் போனேன்."

மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். மகள் அவளையே பார்த்தாள்.

"கெடச்சாங்களா?"

முதலாளியிடம் சொல்வது மாதிரி மேடையக்கா வரிசையாகச் சொன்னாள். "சாப்பாட்டுக் கூடத்துல இல்ல. ரூம்ல இல்ல. பாத்ரூம் கதவத் தட்டினேன், அங்கயும்..."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அழகாக அழத் தெரியவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. வயிற்றிலிருந்து விக்கல் மாதிரி வந்தது. மகளுக்கு எத்தனை நாள் அவள் இல்லாமல் போனாளோ அத்தனை நாளும் ஒன்றாக வந்தன. இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மகள் பேனாவை அவள் கையில் வைத்து, விரல்களை மூடி, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

பதிவாளர் வெளியாள். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

மகள் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. கணீர் அண்ணன் சொல்ல வாயெடுத்தார், மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மாப்பிள்ளை, சின்னவள், முன்வரிசை, பின்வரிசை எல்லோரும் காத்திருந்தார்கள். மேடையக்கா மூக்கைப் புதுப்புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள்.

கேட்கவில்லை என்று பதிவாளர் குனிந்தார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.