மலைக்குத் தண்ணீர் அடிப்பவர்

தேனுகாவுக்குக் கலியாணம் பேசி வந்த ஏரம்பர், மாப்பிள்ளையின் வேலை என்னவென்று பெண்வீட்டில் கேட்டபோது கொஞ்சம் தயங்கினார். மாப்பிள்ளை தயாபரனுக்கு அவர் தாய்மாமன். நெடுங்கேணியிலிருந்து இரண்டு பஸ் மாறி முள்ளியவளைக்கு வந்திருந்தார்.

"சுவிஸில நகரசபையில வேலை. மாரியில றோட்டில பனி வழிப்பான். கோடையில..."

"கோடையில?" என்றாள் தேனுகாவின் தாய் கமலாசனி.

"கோடையில மலைக்குத் தண்ணி அடிப்பான்."

கமலாசனி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவளுக்கு அதற்குக் காரணம் இருந்தது. மூத்தவள் இராசமலரை லண்டனில் எஞ்சினியர் என்று சொன்ன ஒருவருக்குப் படத்தையும் சாதகத்தையும் மட்டும் பார்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் எஞ்சினியருமில்லை, அவருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பமும் இருந்தது. இராசமலர் திரும்பி வரவில்லை. எங்கோ ஒரு கடையில் வேலை செய்துகொண்டு, வருஷத்தில் இரண்டு தரம் போன் எடுப்பாள். எடுத்தாலும் வெயிலையும் மழையையும் பற்றித்தான் பேசுவாள்.

தேனுகாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சுனாமியில் கடல் அடித்ததற்கு அடுத்த வருஷம் அது, 2005. ஞாயிற்றுக்கிழமை கொமினிகேசன் கடைக்குத் தயாபரனின் போன் வந்தது. அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மலைக்கு ஏன் தண்ணி அடிக்கிறனீங்கள்?"

"நீர் சிரிக்கக் கூடாது," என்றான் அவன். "காலில நீட்டுப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில சறுக்கி வந்து பாயிற போட்டி ஒண்டு இருக்கு. கோடையில பனி இல்லைத்தானே. அதால சரிவு முழுக்கப் பச்சைப் பிளாஸ்டிக் பாய் விரிச்சிருக்கு. பாய் காய்ஞ்சால் பலகையைப் பிடிச்சு இழுத்துப்போடும், ஆள் தலைகுப்புற விழும். அதுக்குத்தான் தண்ணி. ஆடிக் கடைசியில தொடங்கி ஒவ்வொரு நாடாப் போட்டி நடக்கும். எங்கட மலையில ஆவணியில. ரீவீயில காட்டுவினம்."

"கோடையில பனிச்சறுக்கோ?" என்றாள் கமலாசனி, மகள் வந்து சொன்னதும். "நல்லாப் பேய்க்காட்டுறான்."

பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் கச்சு முகம்மதுவின் இரும்புச் சாமான் கடையில் டிஷ்ஷும் ஜெனரேற்றரும் இருந்தன. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், புத்தளத்தில் பதின்மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கிரிக்கெட் பைத்தியம். அவர் ரிமோட்டைக் கொஞ்ச நேரம் அமத்தி ஐரோப்பிய விளையாட்டுச் சனல் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். ஆடிக் கடைசியில், ஒரு பின்னேரம், தாயும் மகளும் போய் முன்கதிரையில் இருந்தார்கள்.

மலை இருந்தது. அது பச்சையாகத்தான் இருந்தது. தண்ணீரும் அடித்தார்கள். கமலாசனி ஒன்றரை மணித்தியாலம் கண் வெட்டாமல் பார்த்தாள்.

"தண்ணி அடிக்கிறதெல்லாம் வெள்ளையள். எங்கட ஆள் ஒருத்தனையும் காணேல்லை."

"அம்மா, இது ஜெர்மனி. அவர் இருக்கிறது சுவிஸ்."

"எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் வச்சிருப்பினம். கொக்கா இராசமலருக்கும் இப்பிடித்தான் வச்சிருந்தவை."

அடுத்த போட்டிக்கு அவள் வரவில்லை. தேனுகா போனாள். தயாபரனைப் பார்க்க முடியாதென்று தெரிந்துதான் போனாள். கச்சு முகம்மதுவின் மனைவி ஹாலிதா அவளோடு வந்து இருந்துகொள்வாள். சனல்காரன் என்ன மொழியில் பேசினான் என்பது இருவருக்கும் தெரியாது. ஆனாலும் கொஞ்சங் கொஞ்சமாகப் பிடிபட்டது. உச்சியில் குறுக்குக் கம்பில் குந்தியிருப்பவன் காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எழும்பியதும் பலகைகளை விரித்து அவற்றின்மேல் படுக்க வேண்டும். இறங்கும்போது ஒரு கால் முன்னே போக வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து விழுந்தால் புள்ளி குறையும்.

"பாவம் புள்ள, உவங்கள் ஒண்டும் தின்னுறதில்லையோ?" என்று ஹாலிதா கேட்டாள். "ஈர்க்கில் மாதிரி இருக்கிறாங்கள்."

"பாரம் குறைஞ்சால்தான் ராத்தா கனதூரம் போகலாம்."

அதைச் சொன்னபிறகுதான், தயாபரனுக்காக இல்லாவிட்டாலும் தான் இதைப் பார்த்திருப்பாள் என்று தேனுகாவுக்குத் தோன்றியது.

ஆவணியில் சுவிஸ் போட்டி வந்தபோது கமலாசனியும் வந்தாள். மாப்பிள்ளையின் படத்தைக் கைப்பையில் கொண்டு வந்திருந்தாள். முதல் சுற்றில் அவன் தென்படவில்லை. இரண்டாம் சுற்று தொடங்குமுன் கமெரா சரிவின் ஓரத்தைக் காட்டியது. மஞ்சள் அங்கி போட்ட கறுத்த மனிதன் ஒருவன் முழங்காலில் நின்று, கிளம்பிய பாயைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் கிடந்தது.

"இவர்தான்!" என்றாள் தேனுகா.

கமலாசனி படத்தைத் திரைக்குக் கிட்டப் பிடித்தாள். "மயிர் கொட்டுண்டு போச்சு," என்றாள்.

ஏழாவதாகப் பாய்ந்தவனை நடுவானில் காற்று புரட்டியது. அவன் தோளில் விழுந்து, பலகைகள் கழன்று, நெடுந்தூரம் சறுக்கிப் போய்க் கிடந்தான். மஞ்சள் அங்கிக்காரன்தான் எல்லோருக்கும் முன்னே ஓடினான். தான் அடித்த தண்ணீரிலேயே வழுக்கி மல்லாக்க விழுந்து, கையைக் காலை அடித்துக்கொண்டு அடிவாரம்வரை இறங்கிப் போனான். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சனல்காரன் அதைத் திருப்பித் திருப்பி மூன்று தரம் காட்டினான். பாய்ந்து விழுந்தவன் எழும்பி நொண்டிக்கொண்டு போக, தயாபரன் அவனுடைய பலகைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

தேனுகாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. இதை அவன் சொல்வானா?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவள் வேண்டுமென்றே, "அண்டைக்கு ஜெனரேற்றர் நிண்டுபோச்சு, வடிவாப் பாக்கேல்லை," என்றாள்.



"அப்ப நான் விழுந்தது தெரியாதோ?" என்றான் அவன். "சப்பாத்து வழுக்கி, முழுச் சரிவும் முதுகாலதான் இறங்கினனான். இப்ப கடைத்தெருவில சின்னப் பிள்ளையளும் என்னைக் காட்டிச் சிரிக்குதுகள். நீர் வேற ஆக்களிட்டக் கேள்விப்படுறதுக்கு முன்னம் சொல்லிப்போடுவம் எண்டு நினைச்சனான்."

தேனுகா கடைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பாத்தனான்," என்றாள். "மூண்டு தரம் பாத்தனான். நோகுதோ?"

"குந்தி இருக்கேக்க நோகுது."

வீட்டுக்கு வந்து தாயிடம் சம்மதம் என்றாள். கமலாசனி இரண்டு நாள் அவன் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், "உவன் சுத்துமாத்துக்காரன் இல்லை. அதுக்குரிய கெட்டித்தனம் அவனிட்டக் கிடையாது," என்று சொல்லி, ஏரம்பருக்கு ஆள் அனுப்பினாள்.

பங்குனியில் கொழும்பில் கலியாண எழுத்து நடந்தது. 2006 ஆனியில் தேனுகா விமானம் ஏறினாள்.

அந்த மலை ரீவீயில் தெரிந்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. அடிவாரத்தில் மாடுகள் மேய்ந்தன. பாய்கிறவர்கள் தலைக்குமேல் போகும்போது துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. சனல்காரனின் பேச்சில் அது கேட்டதேயில்லை. ஆனால் அந்த ஆவணியில் போட்டி நடந்த கிழமைதான் ஊர்ப்பக்கம், முகமாலையில், மறுபடி போர் தொடங்கியது. முள்ளியவளைக்குப் போன் எடுபடவில்லை. தேனுகா சரிவின் ஓரப் படிக்கட்டில் உட்கார்ந்து இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அமத்தினாள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இடையில் தயாபரன் கீழிருந்து அவளைப் பார்ப்பான். அவள் இல்லையென்று தலையசைப்பாள். அவன் குழாயைத் திறப்பான்.

ஒன்பதாம் நாள் தொடர்பு கிடைத்தது. தான் சுகமாக இருப்பதாகவும், ஹாலிதா குடும்பம் மறுபடியும் புத்தளம் போகச் சாமான் கட்டுவதாகவும் கமலாசனி சொன்னாள். "நீ எங்களை யோசிக்காதை," என்பதற்குள் லைன் அறுந்தது.

தேனுகா மலைக்கு நடந்து போனாள். போட்டி முடிந்து ஒரு கிழமையாகியிருந்தது; அன்றைய பயிற்சிப் பாய்ச்சலும் முடிந்து சனம் போய்விட்டிருந்தது. தயாபரன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "அம்மா கதைச்சிட்டா, சுகமா இருக்கிறா," என்றாள். அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இருவரும் எழும்பி மிச்சக் குழாயைச் சுருட்டினார்கள்.